ஊவாத் தோட்டங்களின் கிரிக்கட் கழகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய கழகத்தாரே,

பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும், அப்புத்தளை மலைச்சரிவுகளிலும், தெமோதரை, ஹாலிஎல, ஸ்பிரிங்வெளி முதலான இடங்களிலும் மென்பந்துப் போட்டிகளை நடத்திவரும் இளைஞர்களாகிய உங்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்போட்டிகளைக் காண்பதற்காக லயத்து வாசல்களிலும் தேயிலை மேடுகளிலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம். உங்கள் கூட்டங்களிலே அடிக்கடி எழுந்து, ஒரு முடிவுக்கும் வராமல் அடங்கி, அடுத்த ஞாயிறு மறுபடியும் எழுகின்ற ஒரு வினாவைக் குறித்து எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். முத்தையா முரளிதரன் இலங்கைக்கு ஆடாமல் இந்தியாவுக்கு ஆடியிருந்தால் அவருடைய கதை என்னவாகியிருக்கும் என்பதே அவ்வினா. இந்தியாவின் செல்வமும் செல்வாக்கும் பின்னால் நின்றிருந்தால் அவுஸ்திரேலியாவில் அவர் பட்ட அவமானங்கள் நேர்ந்திரா என்று உங்களுள் ஒரு சாரார் சொல்கிறீர்கள். அங்கே எண்ணற்ற பந்துவீச்சாளருள் ஒருவராக அவர் கரைந்து போயிருப்பார் என்று மற்றொரு சாரார் சாதிக்கிறீர்கள். இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும், அவ்வினாவை அதன் கடைசி எல்லை வரையில் பின்தொடர்ந்து சென்றால், அது நம்மைச் சேப்பாக்கம் மைதானத்துக்கோ காலி மைதானத்துக்கோ அழைத்துச் செல்லாமல், நம்முடைய தோட்டப் பாடசாலையின் முற்றத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறது என்பது என் துணிபு.

இது வீண் கற்பனை என்று யாரும் உங்களை எள்ள வேண்டியதில்லை. முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி, 1920ஆம் ஆண்டில் தமிழகத்திலிருந்து இந்நாட்டின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்பதற்காக வந்தவர். பிற்காலத்தில் அவர் தம் புதல்வியரோடு பிறந்த நாட்டுக்குத் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தார். புதல்வர்களோ இங்கேயே தங்கிவிட்டனர். தங்கியவர்களுள் ஒருவரான முத்தையா கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழில் நடத்தினார். அவருடைய மூத்த மகனாக 1972 ஏப்ரல் 17ஆம் திகதி பிறந்தவரே முரளிதரன். ஆகவே, ஒரே குடும்பத்தில் பாதி கடலுக்கு அப்பாலும் பாதி இப்பாலுமாக ஆயிற்று. முத்தையாவும் தம் தந்தையின் வழியே போயிருப்பாரானால், உலகம் பின்னாளில் கண்டு வியந்த அந்தச் சுழற்பந்து காவிரிக்கரையில் ஏதோ ஒரு மைதானத்தில் முதன்முதல் சுழன்றிருக்கும்.

நம் மக்களுக்கு இது புதிதான செய்தியா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதாராக்கியதும், 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டதும், மீந்திருந்த 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்ததும், நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்தறிந்தவை என்பதைவிட, பாட்டிமாரின் வாயால் கேட்டறிந்தவை. பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த இருப்புப்பாதையின் வழியே, தாயை விட்டு மகளும் தமையனை விட்டுத் தம்பியும் பிரிந்து, தலைமன்னாருக்கும் அங்கிருந்து இராமேஸ்வரத்துக்கும் சென்றார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு நம்மவர் ஒப்பாரிக் கோச்சி என்று பேரிட்டார்கள். போனவர்களுள் பலர் நீலகிரியிலே, அவர்களுக்கென்று தமிழக அரசாங்கம் வளர்த்த தேயிலைத் தோட்டங்களிலே, மறுபடியும் கூடை சுமந்தார்கள். ஒரு மனிதன் வேறு நாட்டில் வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பது மற்றவர்க்குப் பொழுதுபோக்கான சிந்தனையாக இருக்கலாம். நமக்கோ அது குடும்ப வரலாறு. எனவே அதற்கு உரிய கௌரவத்தோடே இவ்விவகாரத்தை ஆராய்வோம்.

திருச்சியிலே வளர்ந்த முரளிதரனைச் சற்றே மனக்கண்ணால் காணுங்கள். பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கையும், எலும்பில்லாதது போல் சுழலும் மணிக்கட்டும் வாய்த்த அவ்விளைஞர், பல படிகளைக் கடந்து தமிழ்நாட்டு அணியை அடைந்து, ரஞ்சிக் கிண்ணப் போட்டிகளில் ஆண்டுக்கணக்காகப் பந்துவீசி, தெரிவாளரின் கடைக்கண் பார்வைக்காகக் காத்திருந்திருப்பார். அந்தக் காத்திருப்பு எத்தகையது என்பதை அந்நாட்டு வரலாறே சொல்கிறது. தமிழ்நாட்டின் வி. வி. குமார் 1961இல் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவருக்கு வாய்த்தவை இரண்டே டெஸ்டுகள். ராஜிந்தர் கோயல் ரஞ்சிப் போட்டிகளில் 637 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிஷன் சிங் பேடி என்னும் பேராற்றலின் காலத்திலே பிறந்துவிட்ட காரணத்தால், ஒரு டெஸ்டிலேனும் ஆடும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. சென்னையின் வெங்கடராகவன் 1965 முதல் 1983 வரை நீண்ட தம் காலத்தில், மற்றொரு சுழற்பந்து வீச்சாளரான பிரசன்னாவோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு 57 டெஸ்டுகளே ஆடினார்.

இவர்களைக் காட்டிலும் முரளிதரனுக்கு நெருங்கிய உவமானம் ராஜேஷ் சௌஹான். அவரும் வலக்கைச் சுழற்பந்து வீச்சாளர். முரளிதரன் டெஸ்டில் அறிமுகமான சில மாதங்களிலேயே, 1993இன் தொடக்கத்தில், இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியவர். பந்தை வீசாமல் எறிகிறார் என்று முரளிதரன் மீது எழுந்ததைப் போன்ற சந்தேகம் அவர் மீதும் எழுப்பப்பட்டது. அவர் ஆடிய 21 டெஸ்டுகளில் இந்தியா ஒன்றிலும் தோற்றதில்லை. எனினும் 47 விக்கெட்டுகளோடு, 1998இல் அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. ஒரு வாசலில் சந்தேகத்துக்குரியவன் நின்றால், மறு வாசலில் சந்தேகத்துக்கு இடமில்லாத வேறொருவன் காத்திருக்கும் நாட்டில், தெரிவாளருக்குப் போராட வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? அனில் கும்ப்ளே 132 டெஸ்டுகளில் 619 விக்கெட்டுகள் எடுத்ததை மறந்து நான் பேசவில்லை. மிகப் பெரும் வித்தைக்கு அங்கும் இடம் உண்டு. ஆனால் முரளிதரனின் வித்தை வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்ட வித்தை. அத்தகைய ஒருவருக்கு அந்நாட்டில் நானூறு விக்கெட்டுகள் கிட்டியிருந்தாலே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

இனி, இங்கே நடந்ததைப் பாருங்கள். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றபோது, மித வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த 14 வயதுப் பையனைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பாடசாலைக் காலத்தின் இறுதியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை ஒரே பருவத்தில் வீழ்த்தி நாட்டின் சிறந்த பாடசாலை ஆட்டக்காரரான அவர், 1991இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் சென்று, ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்டையும் பெறாமல் திரும்பி வந்தார் என்பதை உங்களுள் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? பெரிய நாட்டில் அத்தோல்வியோடு அவருடைய பேர் ஏட்டிலிருந்து நீங்கியிருக்கும். இலங்கையோ 1981இல்தான் டெஸ்ட் உரிமை பெற்ற இளைய நாடு. வெற்றி தேடித் தரும் பந்துவீச்சாளரைக் கை விளக்கேந்தித் தேடிக்கொண்டிருந்த நாடு. ஆகவே அடுத்த ஆண்டே, 1992 ஆகஸ்ட் 28ஆம் திகதி, கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் அரங்கேறினார். அதன்பின் 18 ஆண்டுகளில் டெஸ்டுகளில் மட்டும் 44,039 பந்துகளை அவர் வீசினார். அத்தனை பந்துகளை வேறெவரும் வீசியதில்லை. வறியதொரு வீட்டில் மூத்த பிள்ளை எல்லாச் சுமையையும் சுமந்து வலிமை பெறுவது போல, துணையற்ற ஓர் அணியின் பாரமே அவரைப் பெருக்கியது. 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகள்; அவற்றுள் ஐந்தை, 2005இல் சிட்னியில் உலக அணிக்காக ஆடிய ஒற்றை ஆட்டத்தில் எடுத்தார் என்பதால், வேறு கொடியின் கீழ் ஆடிய அனுபவமும் அவருக்கு ஓரளவு உண்டு.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பர்னில் நடந்ததை நீங்கள் என்னினும் நன்றாக அறிவீர்கள். நடுவர் டரல் ஹெயார், மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை முரளிதரனின் பந்தை, எறியப்பட்டதென்று கூறி, முறையற்ற பந்தென்று அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறைத்துவைக்கவில்லை. மறுமுனைக்கு மாற்றி மேலும் வீசச் செய்தார். இதை 1963 டிசம்பரில் பிரிஸ்பேனில் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். அவுஸ்திரேலியரான இயன் மெக்கிஃப், தம் சொந்த நாட்டு மைதானத்தில், சொந்த நாட்டு நடுவரால் ஒரே ஓவரில் நான்கு முறை அவ்வாறு அறிவிக்கப்பட்டார். அணித்தலைவர் பெனோ அவரிடம் மறுபடி பந்தைக் கொடுக்கவே இல்லை. அந்த ஆட்டத்தோடு மெக்கிஃபின் கிரிக்கட் வாழ்வே முடிந்தது. முரளிதரனின் பந்து 1999இல் அடலெய்டில் மறுபடியும் அவ்வாறு அறிவிக்கப்பட்டபோது, அவருக்காக முழு அணியையும் எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார் ரணதுங்க. ஆராய்ச்சிக்கூடங்களில் அவருடைய கை மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. முழங்கை 15 பாகை வரையில் நிமிரலாம் என்னும் விதி 2005இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரையில் ஒரு நாடு அவரைக் கைவிடாமல் நின்றது என்பது பொய்யன்று.

அதே நாட்டில்தான் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அவருடைய குடும்பத்தின் தொழிற்சாலை தீக்கிரையானது என்பதும் பொய்யன்று. ஊவா மக்களுக்கு 1977, 1983 கலவரங்களை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் வரலாற்றை நான் உங்களுக்கு எழுத மாட்டேன்.

கடலுக்கு அப்பால் நிலைமை என்ன? இந்தியப் பிரிமியர் லீக்கில் 2008 முதல் மூன்று பருவங்கள் சென்னை அணிக்காக ஆடி, 2010இல் அவ்வணி கிண்ணம் வென்றபோது உடனிருந்த அதே முரளிதரன், 2013இல் பெங்களூர் அணியின் ஆட்டக்காரராக இருந்தும், இலங்கையர் எவரும் சென்னையில் ஆடலாகாது என்ற தீர்மானத்தினால் சேப்பாக்கத்தில் காலடி வைக்க இயலவில்லை. ஈழத்தில் நடந்த பேரழிவைக் குறித்துத் தமிழகத்தில் எழுந்த துயரமும் கோபமும் உண்மையானவை. அவற்றை நான் சிறிதும் குறைத்துப் பேசேன். ஆனால் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேரனுக்கு, பாட்டனார் திரும்பிச் சென்ற மண்ணில் ஆடவே இடம் கிட்டாதபோது, நம்மவர் எந்தக் கரையில் நின்றாலும் மறுகரைக்குரியவராகவே எண்ணப்படுகிறார்கள் என்பதை நான் வேதனையோடு உணர்ந்தேன்.

நாடு மாறி ஆடியவர்கள் நம் தீவில் வேறு பலரும் இருந்தார்கள். சேப்பாக்கத்தில் 1947இல் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்த மகாதேவா சதாசிவம், இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தலைமை தாங்கினார். கொழும்பில் பிறந்த டேவ் வட்மோர் அவுஸ்திரேலியாவுக்கு ஏழு டெஸ்டுகள் ஆடிவிட்டு, 1996இல் இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது அதன் பயிற்றுநராக விளங்கினார். இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: பெரிய ஆட்டங்களுக்குச் செல்வதற்கு முன்பே, அவர்களுக்கு நல்ல மைதானமும் ஒழுங்கான ஆட்டமும் வாய்த்திருந்தன.

முரளிதரனுக்கும் அப்படியே. அவர் நம் வழித்தோன்றல் என்று நாம் அபிமானம் கொள்வது முற்றிலும் தகும். ஆனால் லயத்தில் வளர்ந்த பையன் அவரல்லர். பாட்டனார் தோட்டத்துக்கு வந்தார். தந்தையார் தோட்டத்தை விட்டு வணிகத்துக்குச் சென்றார். பேரன் கண்டியின் புகழ்பெற்ற கல்லூரியொன்றில், தேர்ந்த பயிற்றுநரின் கண்காணிப்பில், கடினப்பந்தைக் கையில் எடுத்தார். அவர் கடந்த எல்லைகளுள் மிகக் கடினமானது பாக்கு நீரிணையன்று. தோட்டத்துக்கும் நகரத்துக்கும் இடையே கிடக்கும் சில மைல் பாதையே. அந்தப் பாதையை அவருடைய தந்தையார் அவருக்காக முன்னரே நடந்து முடித்திருந்தார். நீங்கள் ஞாயிறுதோறும் விவாதிக்க வேண்டிய வினா, என் எண்ணத்தில், இதுவே: முரளிதரனின் தந்தையார் மடுல்சீமையிலே ஒரு லயத்தில், நாளொன்றுக்கு ஒரு பேர் போட்டு நாட்சம்பளத்தில் வாழ்ந்திருந்தால், அந்த மணிக்கட்டு என்னவாகியிருக்கும்?

விடையை நீங்களே கண்முன் வைத்திருக்கிறீர்கள். உங்கள் பையன்களுள் பந்தை அற்புதமாகச் சுழற்றுகிறவன் மென்பந்தைச் சுழற்றுகிறான். கடினப்பந்து ஆட வேண்டுமென்றால் பதுளை நகரத்துப் பாடசாலை ஒன்றுக்குச் செல்ல வேண்டும். பயிற்சி முடியும்போது மலைக்குச் செல்லும் கடைசிப் பஸ் போய்விடும். சப்பாத்துக்கும் காலுறைக்கும் மட்டைக்கும் ஆகும் செலவு, தாயார் எத்தனையோ நாள் கொழுந்து நிறுத்துப் பெறும் சம்பளம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குச் செல்கிறான். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊர் திரும்பும்போது உங்கள் கழகத்துக்கு மறுபடியும் ஆடுகிறான், எல்லாரும் கைதட்டுகிறீர்கள். அவன் வேறு நாட்டில் பிறந்திருந்தால் என்று ஒருவரும் கேட்பதில்லை.

வேறு நாட்டில் பிறந்த அவனைப்போன்றவர்களைப் பற்றிச் சொல்கிறேன். நம்மைப்போலவே கப்பலேற்றிக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியத் தொழிலாளரின் சந்ததியார் தென்னமெரிக்காவின் கயானாவிலே கரும்புத் தோட்டங்களில் வாழ்ந்தனர். 1954இல் அங்குள்ள சீனி உற்பத்தியாளர் சங்கம், மேற்கிந்தியத் தீவுகளின் மாபெரும் துடுப்பாட்டக்காரரான கிளைட் வால்கொட்டை, தோட்டங்களிலே கிரிக்கட்டை ஒழுங்குபடுத்தவும் கற்பிக்கவும் சம்பளம் கொடுத்து அமர்த்தியது. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று இளைஞர்களைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1958இல் இந்தியாவுக்கு வந்த மேற்கிந்திய அணியில், போர்ட் மொராண்ட் என்னும் ஒரே கரும்புத் தோட்டத்து ஊரைச் சேர்ந்த மூவர் இருந்தனர்: ரோஹன் கன்ஹாய், ஜோ சொலமன், பசில் புட்சர். அப்பயணத்தில் கல்கத்தாவில் கன்ஹாய் 256 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் அதே ஊரிலிருந்து அல்வின் காளிச்சரன் வந்தார். ஒரு தோட்டத்து மண்ணில் திடீரென்று மேதைகள் முளைத்துவிடவில்லை. அவர்களைத் தேடிச் செல்வதற்கு ஒரு மனிதர் நியமிக்கப்பட்டார், அவ்வளவே நிகழ்ந்தது.

இக்காலத்திலிருந்தும் ஒருவரைச் சொல்லலாம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில், எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த நடராஜன், நெடுங்காலம் டென்னிஸ் பந்திலேதான் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய திறமையைக் கண்ட மூத்தவர் ஒருவர் சென்னைக்கு வழிகாட்டினார். அங்கே கழகப் போட்டிகள் பல படிகளாக அமைந்திருந்தன. 2020ஆம் ஆண்டின் முடிவில் அவுஸ்திரேலியா சென்ற அவர், அந்த ஒரே பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். மென்பந்து ஆடிய கை கடினப்பந்துக்கு உதவாது என்று உங்களிடம் யாரேனும் சொன்னால், இவரை எடுத்துக் காட்டுங்கள்.

ஊவாவில் இந்த ஆட்டம் அண்மையில் வந்த விருந்தாளியன்று. மலைநாட்டில் துரைமார் தமக்கென்று இரதெல்லையிலும் தரவளையிலும் மைதானங்களை அமைத்தார்கள். நம் தியத்தலாவையிலே, 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போயர் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் முகாமில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களும் கிரிக்கட் ஆடினர். 1901 ஜூலையில் அவர்களுடைய அணியொன்று காவலோடு கொழும்புக்குச் சென்று கோல்ட்ஸ் கழகத்தை எதிர்த்து ஆடியது. போரில் பிடிபட்ட கைதிக்கு இம்மாகாணத்தில் கிட்டிய அந்தச் சந்தர்ப்பம், இம்மலைகளைத் தேயிலையால் மூடிய தொழிலாளியின் பிள்ளைக்கு நூறாண்டுகளுக்குப் பிறகும் கிட்டவில்லை என்று நினைக்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. 2012இல் ஊவாவின் பேரைத் தாங்கிய அணி இலங்கைப் பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்றது. ஆட்டங்களோ பல்லேகலையிலும் கொழும்பிலும் நடந்தன.

கழகத்தாரே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியமன்று. இப்போது ஒவ்வொரு கழகமும் தனித்தனியே கிண்ணம் வாங்கவும் சீருடை தைக்கவும் திரட்டுகின்ற பணத்தில் ஒரு பகுதியை, பசறை, லுணுகலை, மடுல்சீமைக் கழகங்கள் ஒன்றாகவும், பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தைக் கழகங்கள் ஒன்றாகவும் சேர்ந்து, பயிற்றுநர் ஒருவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். வால்கொட்டைப் போன்றவர் நமக்கு வேண்டாம். பதுளையிலே கடினப்பந்து ஆடி ஓய்ந்த ஒருவர், சனிக்கிழமைதோறும் ஒரு தோட்டத்துக்குச் சென்று 12, 13 வயதுப் பிள்ளைகளைக் கண்டு, அவர்களுடைய பேரை ஏட்டில் எழுதி, பாடசாலை அதிபர்களிடம் எடுத்துச் சொன்னால் போதும். பெண்பிள்ளைகளையும் அவர் காண வேண்டும். நாளெல்லாம் கொழுந்து பறிக்கும் விரல்களின் லாகவத்தைப் பெற்ற மகள், பந்தைச் சுழற்றக் கற்க இயலாதவளல்லள். தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகளிடம் மனுக் கொடுக்கும்போது கிண்ணத்துக்கு நன்கொடை கேளாதீர்கள். சமதரையில் ஒரு துண்டு நிலமும், பயிற்சி நாளில் பிள்ளைகளை இரவில் மலைக்குக் கொண்டுவந்து விட லொறியோ பஸ்ஸோ ஒன்றும் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாடசாலைக் கிரிக்கட் பருவம் செப்டம்பர் தொடங்கி அடுத்த ஆண்டின் முற்பகுதி வரை நடக்கிறது. அக்காலத்தில், அக்டோபர் முதல் ஜனவரி வரை, பதுளைப் பக்கத்தில் மழை கொட்டுகிறது. நமக்கு வெயில் காயும் மாதங்கள், ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகின்ற ஜூலையும் ஆகஸ்டும். ஆகவே புல்தரை ஆடுகளத்தை நம்பியிருந்தால் பருவத்தின் பாதி நாள் சேற்றிலே கழியும். சீமெந்துத் தளமிட்டு அதன்மேல் பாய் விரித்தால், மழை விட்டுச் சிறிது நேரத்திலேயே ஆடலாம். உங்களுள் மேசன் வேலை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கொழும்பில் மற்றவர்களுக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் பண்டிகைக்கு ஊர் வருகிறார்கள். வருகின்ற தீபாவளிக்கு அவர்கள் வந்திருக்கும்போது, பசறைப் பக்கத்தில் ஒன்றும் அப்புத்தளைப் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு தளங்களை இட்டுவிட வேண்டும். சீமெந்துக்கும் மணலுக்கும் ஆகும் செலவில் என் பங்கை முதலிலேயே தந்துவிடுகிறேன். எந்த இடம் என்பதை மட்டும் நீங்கள் கூடிப் பேசி, ஆடி மாதத்துக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் அன்பன்,
பதுளை